பச்சை அட்டையின் சாய்வு

சீட்டுகளை விசிறிபோல விரித்துப் பிடிக்க எனக்கு இன்னும் வராது. பதின்மூன்று சீட்டும் ஒரே கையில் நிற்க வேண்டும். எனக்கு இரண்டாவது சுற்றிலேயே ஒன்றிரண்டு மடியில் விழுந்துவிடும். உங்கள் தம்பி அதைப் பார்த்து ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "சார், இது உங்க ஃபேக்டரி பிஸ்கட் இல்ல. உடையாது. தைரியமா புடிங்க" என்பார்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டீர்கள். "எந்தம்பி ஏமாத்தினானா இல்லையா? இல்லைன்னா அத கிளப்புக்கு எழுதிக் கொடுங்க. அது ஒண்ணு போதும் அவனுக்கு." முன்பெல்லாம் என்னையும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவீர்கள். இன்று 'சார்' என்றீர்கள். அதைக் கவனித்தேன், குறையாகச் சொல்லவில்லை.

ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் உங்களுக்குச் சீட்டாட்டம் தெரியாது. ஒற்றை வார்த்தையைக் கேட்டுவிட்டு அடுத்து 'ஏன்' என்பீர்கள். அதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். உட்காருங்கள் அக்கா. ஃபிளாஸ்க்கை அந்த ஸ்டூல்மேல் வையுங்கள். கை வலிக்கும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பிஸ்கட் ஃபேக்டரியில் தரக் கட்டுப்பாடு. வெளியில் சொல்லும்போது கம்பீரமாக இருக்கும். உள்ளே வந்து பார்த்தால், வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒருவன் காலையிலிருந்து பிஸ்கட்டை உடைத்து உடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். இதற்கு ஒரு பட்டமும் அதற்கு மேல் ஒரு பட்டமும் தேவைப்பட்டன. இவ்வளவு படித்தவனுக்கு இந்த வேலையா என்று என் மாமியாருக்கு ஒரு மனக்குறை உண்டு. ஊருக்குக் கிளம்பும்போது இரண்டு டப்பா எடுத்துப் பையில் வைப்பார். அந்த நேரத்தில் மட்டும் குறை தெரியாது.

என் மனைவி கட்டட வரைபடம் போடுகிறவள். நாள் முழுக்க நேர்கோடு. வீட்டுக்கு வந்தால் செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம். எதையும் நேராக வைக்கமாட்டாள். "ஆபீஸ்ல எல்லாத்தையும் நேரா வெச்சுட்டு வந்துட்டேன். ஸ்டாக் தீந்துபோச்சு" என்பாள். கண் பரிசோதனைக்காக உங்கள் தம்பியின் கண்ணாடிக் கடைக்குப் போனவள், கவுண்டர்மேல் இருந்த சீட்டுக்கட்டைப் பார்த்து ஏதோ கேட்டிருக்கிறாள். அப்படித்தான் ஆரம்பித்தது. வாரத்தில் இரண்டு நாள் சீட்டாட்டக் கிளப். எதிரே உங்கள் தம்பி.

என்னையும் கூப்பிட்டாள். "ஒரு தடவ வந்து பாருங்களேன். யாரும் கடிக்கமாட்டாங்க."

"சீட்டாட எனக்கெல்லாம் ஏது நேரம்" என்றேன். அந்த நேரத்தில் நான் செய்தது, டிவியில் வேறு யாரோ சமைப்பதைப் பார்த்தது.

பிறகு ஒரு மத்தியானம் ஆபீஸ் மாடிப்படியில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. மூளையில் ஒரு நரம்பு என்றார்கள். வயது முப்பத்தொன்று. இதைப் பற்றி எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை. சொல்ல வராததால்தான் மற்றதெல்லாம் நடந்தது என்று நீங்கள் நினைத்தால், மறுக்கமாட்டேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு உங்கள் தம்பி வந்தார். ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். "அவங்க கண்ணாடி சார். லென்ஸ் மாத்தக் கொடுத்திருந்தாங்க. ரெடியாயிடுச்சு." சொல்லிவிட்டு அப்படியே நின்றார். நானும் நின்றேன். இரண்டு ஆண்கள் ஒரு கண்ணாடிப் பெட்டியை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்க முடியுமோ அவ்வளவு நேரம் நின்றோம்.

கிளப்பில் அவளுக்கு ஒரு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். அப்போதுதான் அந்தப் பலகையை முதன்முதலாகப் பார்த்தேன். ஆளுயரம். மரப்பலகையில் தங்க நிற எழுத்து. ஒவ்வொரு வருடமும் ஜெயித்த ஜோடி. ஆறு வரிகளில் அவள் பெயர், ஒரு சிறு கோடு, உங்கள் தம்பி பெயர். மறுபடி அவள் பெயர், கோடு, உங்கள் தம்பி பெயர். அவள் பெயரும் என் பெயரும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் அச்சானது ஒரே ஒரு தடவை, கல்யாணப் பத்திரிகையில். அதிலும் என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.

மறுநாள் கடைக்குப் போய், எனக்கும் அந்த பிரிட்ஜ் சீட்டாட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இதை நீங்கள் நம்பலாம். அவள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் தம்பி முகம் மலர்ந்துவிட்டது. "கத்துக்கறதுன்னா எங்க சிஸ்டமே கத்துக்கங்க சார். அவங்களும் நானும் சேர்ந்து கட்டினது. வேற யாருக்கும் தெரியாது. வீணாப் போகக்கூடாது."

கடை மூடும் நேரத்துக்குப் போவேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண்ணாடி ஃப்ரேம்களைப் பரப்பிக் காட்டும் வெல்வெட் தட்டில் சீட்டுகளைப் பரப்புவார். சுவரில் எழுத்துகள் மேலிருந்து கீழாகச் சிறுத்துக்கொண்டே போகும் அட்டை. பாடம் புரியாதபோது நான் அதைப் படித்துக்கொண்டிருப்பேன். பல நாள் கடைசி வரிவரைக்கும் படித்துவிடுவேன்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நான்கு பேர், எதிரெதிரே இரண்டு ஜோடி. ஆட்டத்துக்கு முன்னால் ஏலம். எந்த இனம் துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று கேட்க வேண்டும். ஆனால் வாயால் பேசக்கூடாது. ஆளுக்கொரு சின்னப் பெட்டி. அதிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைக்க வேண்டும். கேட்க ஒன்றும் இல்லை என்றால் பச்சை அட்டை. அதற்குப் பெயர் 'பாஸ்'. எந்த அட்டைக்கு எந்தக் கை, அதாவது எந்த மாதிரிச் சீட்டுகள், என்று ஜோடிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். அதுதான் சிஸ்டம். அதில் ரகசியம் கிடையாது. எதிராளி கேட்டால் அர்த்தத்தைச் சொல்லியாக வேண்டும். அதையும் அட்டை வைத்தவர் சொல்லக்கூடாது, அவருடைய பார்ட்னர்தான் சொல்வார். வைத்தவர் முகத்தை மரம்போல வைத்துக்கொண்டிருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் கஷ்டப்பட்டுக் கற்றேன். இது மட்டும் எனக்குத் தானாகவே வந்தது.

அட்டை சொல்வதைத் தவிர வேறெதையும் பார்ட்னருக்குச் சொல்லக்கூடாது. தயங்கி வைப்பது, இருமுவது, அட்டையைச் சாய்த்து வைப்பது, எல்லாமே ஏமாற்று. அதைச் செய்தவனை யாரும் மறுபடி மேஜையில் சேர்க்கமாட்டார்கள். சூதாட்டக்காரர்களைவிடக் கறாரானவர்கள் இவர்கள். இத்தனைக்கும் ஜெயித்தால் கிடைப்பது அந்தப் பலகையில் ஒரு வரி.

அவர்கள் இருவரும் கட்டிய சிஸ்டம் தலைகீழானது. ஊரில் எல்லோருக்கும் பச்சை அட்டை என்றால் கையில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இவர்களுக்குப் பச்சை அட்டைதான் பெரிய கை. முதலில் பச்சையை வைத்தால், என்னிடம் நிறைய இருக்கிறது, நீ பேசு என்று அர்த்தம். எதிரே இருப்பவர் பேசியே ஆக வேண்டும். கையில் குப்பை வைத்திருப்பவன்தான் "ஒரு ஆட்டின்" என்று சத்தமாக ஆரம்பிப்பான். எங்கள் ஃபேக்டரி மீட்டிங்குகள் இப்படித்தான் நடக்கும் என்பதால் எனக்கு அந்தப் பகுதி உடனே புரிந்தது. மற்றது எதுவும் புரியவில்லை. பெரிய கையோடு ஆட்டினும் குப்பையோடு பாஸும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், நீங்க இப்ப என்கிட்ட என்ன சொல்லியிருக்கீங்க தெரியுமா?"

"என்ன?"

"வீட்ல அரிசி இல்லன்னு சொல்லிட்டு கல்யாண மண்டபம் புக் பண்ணியிருக்கீங்க."

அந்தச் சமயத்தில்தான் கடைக்குப் பின்னால் வீட்டிலிருந்து நீங்கள் எட்டிப் பார்ப்பீர்கள். "டேய், அவர விடுடா. முதல்ல சாப்பிடட்டும். தம்பி, இவன் பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலைக்கு எழுதிப்போட்டுக் கிடைக்காதவன். அந்த ஆத்திரத்த உங்க மேல காட்டறான்." உங்கள் கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பேன் என்று கணக்கில்லை. சாதத்தை நீங்கள் அள்ளி வைக்கும் அளவு எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் சாப்பிட்டேன்.

அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அவர் அதைச் சொன்னார். உங்களுக்கும் நினைவிருக்கும், நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள்.

"இந்த பாஸுக்கு அவங்க ஒரு பேர் வெச்சிருந்தாங்க சார். சொன்னா தப்பா எடுத்துக்கக்கூடாது."

"சொல்லுங்க."

"'எங்க வீட்டுக்காரர்.' ஆட்டம் முடிஞ்சு பேசிக்கறப்ப, 'அந்தக் கைக்கு நான் எங்க வீட்டுக்காரர வெச்சேனே, நீங்க பாக்கலியா'ம்பாங்க. கை நிறைய வெச்சுக்கிட்டு வாயே திறக்கமாட்டார்ல."

நீங்கள் சிரித்தீர்கள். "பொருத்தமாத்தான் வெச்சிருக்கா" என்றீர்கள். உங்கள் தம்பி சிரித்தார். நானும் சிரித்தேன். குழம்பு கொஞ்சம் போடச் சொன்னேன்.

"மதிப்பாத்தான் சார் சொல்வாங்க" என்றார் அவர், என் முகத்தில் எதைப் பார்த்தாரோ. "இருக்கறதுலயே பெரிய கை அது. எதிர்ல இருக்கறவங்க விடாம பேச வெக்கணும், அதுதான் பாஸோட ரூல்."

அவர் சொன்னதை நான் நம்பியிருக்கலாம். நம்பத் தடையாக எதுவும் இல்லை. உட்கார்ந்து யோசித்தால், அவள் என்னைப் பேச வைக்க எத்தனை விதமாக முயன்றாள் என்பதும் நினைவுக்கு வந்திருக்கும். நான் யோசித்தது வேறு. வாரத்துக்கு இரண்டு நாள், வருடக்கணக்காக, முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்திருக்கும் மேஜையில் என்னைப் பச்சை அட்டையாக எடுத்து வைத்து விளையாடியிருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நகைச்சுவை எனக்கு மட்டும் தெரியாது. என் வீட்டில் அவள் பேசியதைவிட அதிகமாக அந்த மேஜையில் அவள் பேசியிருக்கிறாள், அதுவும் வாயைத் திறக்காமலே.

வீட்டுக்கு வரும் வழியில் முடிவு செய்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. பேருந்தில் உட்கார இடம்கூடக் கிடைத்தது.

அதன்பிறகுதான் நான் உண்மையாகப் படிக்க ஆரம்பித்தேன். பேச வராத மொழியில் பொய் சொல்ல முடியாது அல்லவா. ஃபேக்டரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகச் சீட்டைப் பரப்பி வைத்துக்கொள்வேன். கல்லூரியில் இப்படி உழைத்திருந்தால் இன்று பிஸ்கட்டை உடைக்க எனக்குக் கீழே நான்கு பேர் இருந்திருப்பார்கள். உங்கள் தம்பிக்கு ஒரே சந்தோஷம். ஒரு நாள் நான் ஒரு கையை ஏலம் கேட்டு முடித்ததும், கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்க மாதிரியே கேக்கறீங்க சார்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஃபேக்டரியில் ஒரு பிஸ்கட் கோணலாக வந்தால் யாரும் கவலைப்படமாட்டோம். கோணல் ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்ப வந்தால் மிஷினை நிறுத்திவிடுவோம். எந்தக் கமிட்டிக்கும் இது பொருந்தும். ஒரு தவறை அவர்கள் மன்னிப்பார்கள். ஒழுங்காக வரும் தவறைத்தான் மன்னிக்கமாட்டார்கள்.

ஆகவே, கிளப்பில் அவருக்கு ஜோடியாக ஆட ஆரம்பித்ததும் நான் ஒழுங்காகத் தவறு செய்தேன். பச்சை அட்டை வைத்தால் கை பெரிது என்பது மட்டும் தெரியும். பலம் எந்த இனத்தில் இருக்கிறது என்று தெரியாது. என் பலம் இஸ்பேடிலோ ஆட்டினிலோ இருந்தால் அட்டையை மேஜை விளிம்புக்கு நேராக வைத்தேன். டைமண்டிலோ கிளாவரிலோ இருந்தால் ஒரு விரல் அகலம் சாய்த்து வைத்தேன். ஒரு ஆட்டத்தில்கூட மாற்றவில்லை. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு துல்லியமாக வேறெதையும் செய்ததில்லை.

உங்கள் தம்பி அதைக் கவனிக்கவே இல்லை. அவர் அட்டைகளைப் பார்க்கிறவர் அல்ல. யோசிக்கும்போது தலையைத் தூக்கி ஃபேனைப் பார்ப்பார். எதிராளி என்ன கேட்டார்கள், என்ன கேட்காமல் விட்டார்கள், தன் கையில் என்ன இருக்கிறது, இவற்றை வைத்தே என் பலம் எங்கே என்று கண்டுபிடித்துவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். என் திட்டத்தில் நான் நம்பியது அதைத்தான். அவர் சுமாரான ஆட்டக்காரராக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அட்டை ஒன்று சொல்ல, அவர் வேறொன்று கேட்டிருப்பார், ஒருவரும் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள். அவருடைய திறமைதான் அவருக்கு எதிரான சாட்சி.

வருடாந்தரப் போட்டியில் கடைசிவரை வந்தோம். இறுதி ஆட்டத்தை மேலிருந்து கேமராவில் பிடித்துப் பக்கத்து அறை டிவியில் காட்டுவார்கள், மற்றவர்கள் பார்க்க. எதிரே ஒரு பல் டாக்டர் தம்பதி. நான் பச்சையை வைத்ததும் டாக்டரம்மா உங்கள் தம்பியிடம் கேட்டார்.

"இந்த பாஸுக்கு என்ன அர்த்தம்?"

"பெரிய கை மேடம். எங்க பாஸ்னா பயந்துக்கணும்."

"ஒண்ணுமில்லன்னா என்ன வெப்பீங்க?"

"ஒண்ணுமில்லன்னா சத்தமா ஆட்டின் கேட்போம்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "எங்க வீட்லயும் நான் பாஸ்தான் வெக்கறேன். யாரும் பயப்படக் காணோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மரம்போல உட்கார்ந்திருந்தேன். விதி அப்படி. அன்று நாங்கள் ஜெயித்தோம். உங்கள் தம்பி எழுந்து மேஜையைச் சுற்றி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். வேர்வையும் லென்ஸ் துடைக்கும் திரவத்தின் வாசனையும் கலந்து அடித்தது.

மறுநாள் பெயர் போடாத ஒரு தாளைக் கிளப் செயலாளர் அறைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். பச்சை அட்டை எப்படி வைக்கப்படுகிறது என்று பாருங்கள், அவ்வளவுதான் அதில். ரெக்கார்டிங்கை எடுத்துப் பார்த்தார்கள். சாய்வையும் என் கையையும் ஒப்பிட்டார்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை. பிறகு சாய்வையும் உங்கள் தம்பி கேட்டதையும் ஒப்பிட்டார்கள். அதுவும் கிட்டத்தட்ட முழுக்கப் பொருந்தியது. அவர் ஃபேனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்க்காத மாதிரி எவ்வளவு அழகாக நடிக்கிறார் பாருங்கள் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார்.

மூன்று பேர் கொண்ட கமிட்டியின் விசாரணை கிளப் நூலகத்தில் நடந்தது. எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

"இது என்ன கோணம்?" என்று செயலாளர் என்னைக் கேட்டார்.

"இதுவும் சிஸ்டத்துல ஒரு பாடம்னு நினைச்சேன் சார். தப்பா?"

விவரம் தெரியாதவன் வேடம். பல வருட ஒத்திகை உண்டு எனக்கு. அலுவலகத்திலும் வீட்டிலும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

"யார் சொல்லிக்கொடுத்தது?"

உங்கள் தம்பியைப் பார்த்தேன். அது போதுமானதாக இருந்தது. பிறகு, தயாரித்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "என் மனைவியும் இப்படித்தான் வெப்பாங்கன்னு சொல்லித்தான் கத்துக்கொடுத்தார்."

உங்கள் தம்பி என் பக்கம் திரும்பினார். "சார்" என்றார்.

செயலாளர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். "அப்ப அந்தம்மா ஆடின பழைய ரெக்கார்டிங்கையும் எடுத்துப் பாத்துடுவோம்."

நான் சொன்னேனே, அவள் எதையும் நேராக வைக்கமாட்டாள் என்று. அட்டையையும் அப்படித்தான். ஒன்று கிழக்கே பார்க்கும், ஒன்று மேற்கே. அதில் எந்த அர்த்தமும் கிடையாது. ஆனால் கோணலைத் தேடி உட்கார்ந்த மூன்று பேருக்கு அதில் அர்த்தம் கிடைக்காமல் போகாது. இது எனக்குத் தெரியும். உங்கள் தம்பிக்கும் தெரியும். அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது.

அவர் எழுந்து நின்றார். "பழசத் திறக்க வேணாம் சார். அவங்க காலத்துல இது கிடையாது. இப்பதான், இவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இவருக்கும் இது தப்புன்னு தெரியாது. எல்லாம் நான்தான்."

அந்த வாக்கியத்துக்காகத்தான் நான் அவள் பெயரை இழுத்தேன். சாய்வு, கேமரா, தாள் எல்லாம் அவரை அந்த நாற்காலிவரை கொண்டுவருவதற்கு. எழுந்து நிற்க வைக்க அவள் பெயர் தேவைப்பட்டது. அவளுக்காக அவர் எழுந்து நிற்பார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நானாக இருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பேன்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். உங்கள் தம்பி ஏமாற்றவில்லை. ஒரு ஆட்டத்தில்கூட இல்லை. நான் ஏமாற்றினேன். ஜெயிப்பதற்காக அல்ல, பிடிபடுவதற்காக.

அவருக்கு ஆயுள் தடை. எனக்கு ஒரு எச்சரிக்கை. செயலாளர் என் தோளைத் தட்டி, "துக்கத்துல இருந்தீங்க. உங்கள உபயோகப்படுத்திக்கிட்டான் மனுஷன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏமாற்றுக்காரன் பெயர் இருக்கும் வரிகளையெல்லாம் பலகையிலிருந்து எடுப்பது என்று முடிவானது. உங்கள் தம்பி கிளப் வாசலில் நின்று, தன் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரை மட்டுமாவது விடச் சொல்லிக் கேட்டாராம். ஜோடி என்றால் ஜோடிதான், ஒன்றை மட்டும் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அது அவருக்கு எதிர்பாராத அடி. அவர் விட்டுக்கொடுத்தது வீணாகிவிட்டது. எனக்கு எதிர்பாராததல்ல. விதிப் புத்தகத்தை அவரே எனக்குப் பாடமாக நடத்தியிருந்தார்.

பெயிண்டர் வந்த அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன டப்பா. அவர் ஏறி நின்ற ஸ்டூல் ஆடியது. பிடித்துக்கொள்ளச் சொன்னார், பிடித்துக்கொண்டேன். ஆறு வரி. அவள் பெயரை அழிக்க நானே ஸ்டூலைப் பிடித்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அழிவது நடுவில் இருந்த அந்தச் சிறு கோடு என்றுதான் தெரிந்தது. பெயர்கள் அதோடு சேர்ந்து போயின.

கடையை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டு உங்கள் தம்பி என்ன குடித்தார் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் ஆள் கூட்டிவந்து ஷட்டரை உடைத்தீர்கள் என்பதைச் செயலாளர் சொல்லித்தான் அறிந்தேன். இன்று காலை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார், வெந்நீர் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று சொன்னீர்கள். கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நீங்கள் என்னைப் பார்க்கும் பார்வையைப் பார்த்தால் நம்பவில்லை என்று தெரிகிறது. ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

கிளப்புக்கு எழுதிக் கொடுக்கமாட்டேன். பிடிவாதம் இல்லை. எழுதிக் கொடுத்தால் மறுபடி பெயிண்டரைக் கூப்பிடுவார்கள், மறுபடி ஆறு வரி எழுதுவார்கள், நடுவில் கோடு போடுவார்கள். இவ்வளவு உழைத்தபிறகு அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இங்கே நான் சொன்னதை நீங்கள் போய்ச் சொல்லலாம். உங்கள் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவர் மறுபடி எழுந்து நின்று, எல்லாம் நான்தான் என்பார். இல்லையென்றால் பழைய ரெக்கார்டிங்கை எடுப்பார்களே.

எழுந்துவிட்டீர்கள். ஒரு நிமிஷம் அக்கா, இன்னும் ஒன்று இருக்கிறது.

உங்கள் தம்பி மேல் எனக்கு இப்போது எந்த வருத்தமும் இல்லை. சொல்லப்போனால் எனக்கு அவரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள். பாடம் எடுக்கும்போது நடுநடுவே, "இந்த இடத்துல அவங்க என்ன சொல்வாங்க தெரியுமா" என்று சொல்லிவிட்டு, அவள் சொல்வதுபோலவே சொல்லிக் காட்டுவார். அந்த இழுப்பு, அந்த அவசரம், அப்படியே வரும். அவளைப் பெற்றவர்களுக்குக்கூட அது வராது. எனக்குச் சுத்தமாக வராது. சிஸ்டத்தில் பெரிய கைகளைப் பற்றிய கடைசிப் பகுதியை நாங்கள் ஆரம்பிக்கவே இல்லை. அதை முழுக்க அவள்தான் கட்டினாள் என்று சொல்லியிருக்கிறார்.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் இங்கே அனுப்பிவையுங்கள். இனி எந்த மேஜையிலும் அவருக்கு எதிரே யாரும் உட்காரமாட்டார்கள்; நான் உட்காருவேன். சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்தச் சாயங்காலம் என்றாலும் எனக்குச் சரிதான், அவருக்கும் இனி வேறு வேலை இருக்காது.